வாசலுக்கு வெளியே உன் அத்தை

அன்று உன் அத்தையிடம் நான் சொல்லாமல் விட்டது இரண்டே வார்த்தைகள்: "உங்களைக் கேட்டார்." உன் அப்பா படுத்திருந்த அறைக்கும் அத்தை உட்கார்ந்திருந்த, மாடு கட்டும் கட்டுத்தரைக்கும் நடுவே ஒரு மண்சுவரும் ஒரு கதவும்தான் இருந்தன. அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லத்தான் வெளியே வந்தேன். வேறொன்றைச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அப்போது உனக்கு ஐந்து வயது. ஓடியாடிச் சத்தம் போடுகிற பிள்ளை என்று உன்னை ராசிபுரத்தில் என் அப்பா வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். ஆகையால் உன் அப்பா போன விதத்தைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தை சொல்லிக் கேட்டதுதான். அவர் சொன்னதில் பொய் கிடையாது. அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை அவர் என் எதிரில் உட்கார்ந்து வெற்றிலை மடித்திருக்கிறார்; நான் சொல்லவில்லை.

இப்போது இதை எழுதவைத்தது உன் கடிதம். சென்னைக்கு வைத்தியம் படிக்கப் போய் முழுசாக ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் விடுதிச் சமையல்காரரிடம் தோற்றுப்போனதாக எழுதியிருக்கிறாய். "ராவெல்லாம் இழுத்துக்கிச்சு தம்பி" என்று அவர் சொல்ல, நீ அவருடைய கையையும் காலையும் நீட்டி மடக்கிப் பார்த்தாயாம். அவருக்கு வந்தது மூச்சிழுப்பாம். கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். இழுப்பு, பிடிப்பு, சுளுக்கு, இசிவு, முடக்கம், சுருக்கம் என்று நம் ஜனங்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எங்கள் புத்தகத்திலோ எல்லாம் தசை சுருங்குவதில்தான் போய் முடிகிறது, எதை எதோடு சேர்ப்பது, அகராதியைக் கதைப் புத்தகம் மாதிரிப் படிக்கிறவள் நீதானே என்று கேட்டிருக்கிறாய். சமையல்காரர் விஷயத்தில் நான் சிரித்தேன். பிறகு வெகு நேரம் சிரிக்க முடியவில்லை. யுத்தத்தால் மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை, பகல் வெளிச்சத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது. வெற்றிலைக் கொடிக்காலுக்கு ஆள் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ கேட்டதற்குப் பதிலும் கேட்காததற்குப் பதிலும் கலந்துதான் வரும்.

நம் பக்கத்தில் சுளுக்கு என்றால் ஏதோ ஒன்று இடம் தப்பி இழுத்துக்கொண்டது, நீவினால் போய்விடும் என்று அர்த்தம். சொல்கிறவர் முகத்தில் பயம் இருக்காது, பாதி வெட்கம்தான் இருக்கும். பிடிப்பு என்றால் பிடித்தது விடவில்லை என்று அர்த்தம். குறுக்குப் பிடித்தவர் நிமிராமல் வருவார், கேட்காமலே தெரியும். கொரக்களி என்பது கெண்டைக்கால் சதை தானாகச் சுருண்டுகொள்வது. கல்யாணமான வருஷம் உன் அப்பா ஜேடர்பாளையத்தில் ஆற்றை நீந்திக் காட்டுகிறேன் என்று இறங்கினார். பாதி ஆற்றில் கொரக்களி பிடித்துவிட்டது. கரைக்கு எப்படியோ வந்து மணலில் விழுந்து, "கட்ட வெரல இழு புள்ள, சிரிக்காம இழு" என்று கத்தினார். நான் இழுத்தேன். கல் மாதிரி இருந்த சதை என் கைக்குள்ளேயே இளகியது. பிற்பாடு அந்த இளக்கத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தேன் என்பதைச் சொல்லத்தான் போகிறேன். முடக்கம் என்பதை ஜனங்கள் லேசில் சொல்ல மாட்டார்கள். சொன்னால், இனி நீளாது என்று அவர்களே தீர்மானித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள். இசிவு என்பது புத்தகத்தில் இருக்கிறது. நம் ஊரில் அதைச் சொல்லி யாரும் அழுது நான் கேட்டதில்லை.

நீ பிறந்தபோது எனக்குப் பதினாறு வயது. நோவு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. போகும்போதெல்லாம் நான் அடுத்ததை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மருத்துவச்சி என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டி, "அது உட்டா நீயும் உடு அம்மிணி. உட்டுட்டு வர்ற நோவுக்குப் பயப்படாத. உடாம புடிச்சுக்கறதுக்குத்தான் பயப்படோணும்" என்றாள். அப்போது அது எனக்குச் சமாதானமாகப் பட்டது, அவ்வளவுதான். பின்னால் உடலைப் பற்றி என் அப்பா வைத்திருந்த தமிழ்ப் புத்தகம் ஒன்றில் படித்தேன்: தசைக்குத் தெரிந்த வேலை சுருங்குவது ஒன்றுதான், இருதயம் ஓடுவதும், குழந்தை வெளியே வருவதும், நாம் சிரிப்பதும், சோறு விழுங்குவதும் எல்லாம் அந்த ஒரே வேலை, சுருங்கியது மறுபடி தளர்கிறவரைக்கும் மனிதனுக்குக் குறை இல்லை. எனவே யாராவது உன்னிடம் இழுக்கிறது, பிடிக்கிறது, சுண்டுகிறது என்று வந்தால், வார்த்தைக்குப் பொருள் தேடிக்கொண்டு நிற்காதே. விட்டு விட்டு வருகிறதா, விடாமல் இருக்கிறதா என்று கேள். அதற்குப் பிறகு எங்கே என்று கேள். உன் புத்தகம் அதற்கப்புறம் போதும்.

சுருக்கத்துக்கு வேறு பொருள்களும் உண்டு, அவை வைத்தியர்களுக்கு உதவாது. ஆனால் நான் சொல்லப்போவதற்கு வேண்டும். உன் அப்பாவுக்கு அம்மா இல்லை, தெரியுமே. அவரை மூன்று வயதிலிருந்து தூக்கி வளர்த்தது அத்தைதான். எங்கள் கல்யாணத்தில் இணைச்சீருக்குத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, சேலையின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து மறுமுனையைத் தான் பிடித்திருந்தபோது, மணப்பெண்ணான என்னைவிட அத்தையின் கண்தான் அதிகம் கலங்கியது என்று எல்லாரும் கேலி பேசினார்கள். அவரை நான் நங்கை என்றுதான் கூப்பிடுவேன். திருச்செங்கோட்டுக்கு அப்பால் வாழ்க்கைப்பட்டவர், நான் வந்த புதிதில் ஒரு மாதம் எங்களோடு தங்கி எனக்குக் குடித்தனம் சொல்லிக்கொடுத்தார். சமையலைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. "கூழு ஊத்துனாலும் சரி, வெந்நித் தண்ணி குடுத்தாலும் சரி, வந்தவங்க முன்னால மொகஞ்சுருங்கப்படாது அம்மிணி. சீக்குன்னு கேட்டு வர்றவங்களுக்குக் கதவு சாத்துன ஊடு வெளங்காது" என்றார். அந்த ஊரில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. அதைத்தான் அவரிடமே மீறினேன்.

கொடிக்காலில் வெட்டிவிட்ட அகத்திக் கட்டை உன் அப்பாவின் உள்ளங்காலில் ஏறியது. அவரே பிடுங்கிப் போட்டுவிட்டு, சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்து அமுக்கிக்கொண்டு அன்றைக்கு முழுதும் வேலை செய்தார். ஒரு வாரத்தில் காயம் சுருங்கி, மேலே தோல் கூடி, இருந்த இடம் தெரியவில்லை. நாங்கள் அதை மறந்தோம். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் ராகிக்களி உருண்டையை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார். "உன்ற களி அத்தன கெட்டியா புள்ள? பாத்தே வாயி பயந்துக்கிச்சு, தொறக்கவே மாட்டீங்குது" என்றார். நானும் சிரித்தேன். சுளுக்காக இருக்கும் என்று தாடைக்கு விளக்கெண்ணெய் நீவிவிட்டேன். மறுநாள் கழுத்து. அதற்கு மறுநாள் முதுகு. கட்டிலில் தலையும் குதிகாலும் மட்டும் பட, உடம்பு வளைந்து மேலே நின்றதை முதல் தடவை பார்த்தபோது நான் அலறினேன். என் அலறலைக் கேட்டு இன்னொரு தடவை வளைந்தது.

நாமக்கல்லிலிருந்து ஒரு டாக்டரைக் கூட்டிவந்தார்கள். பெரியவர், நிதானமானவர். காலைப் பார்த்தார், ஆறின காயத்துக்குள் தங்கிய விஷம்தான் என்றார், வயிற்றில் கை வைத்தார், மரப்பலகை மாதிரி இருந்தது. சேலத்திலிருந்து ஊசி மருந்து வரவழைத்துப் போட்டார். வண்டியில் தூக்கிப் போகக் கூடாது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் உடம்பு முறுக்கும் என்றார். பிறகு, "வெளிச்சம் வேண்டாம், சத்தம் வேண்டாம், தொட வேண்டாம். அடுத்த இழுப்பு வருவதற்கு ஒரு தட்டு விழுந்தால் போதும். இந்த வீட்டில் யார் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள்?" என்று கேட்டார். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நான் பாத்துக்கறனுங்க" என்றேன். எனக்கு இருபத்தொரு வயது. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மீதியைச் சொன்னார்: "வாய் பூட்டி இரண்டே நாளில் முதுகுக்கு வந்துவிட்டதம்மா, இது நல்லதில்லை. சத்தமில்லாமல் வைத்தாலும் உயிர் போகலாம். வைத்தால் ஒரு வழி இருக்கிறது, வைக்காவிட்டால் அதுவும் இல்லை." நான் வெளியே வந்து எல்லாரிடமும் முதல் பாதியை மட்டும் சொன்னேன். சத்தமில்லாமல் இருந்தால் பிழைத்துக்கொள்வார் என்று சொன்னேன்.

ஏன் என்று உனக்குப் புரிய வேண்டும். போகிற உயிர் என்று தெரிந்தால் நம் ஜனங்களை எந்தக் கதவும் நிறுத்தாது. முகம் பார்க்க வந்துவிடுவார்கள். பார்க்காமல் விட்டால் அது பகை. கடைசி நேரத்தில் எட்டிப் பார்க்காதவன் என்று பேரன் காலம் வரைக்கும் பேசுவார்கள். வந்தவர்கள் எட்ட நின்று பார்த்துவிட்டுப் போகவும் மாட்டார்கள், கையைத் தொட்டு, "சாமி, என்னயத் தெரியுதா?" என்று கேட்டால்தான் பார்த்ததாகக் கணக்கு. அன்புதான். ஒவ்வொரு அன்பும் அவரை ஒரு தடவை வில்லாக வளைக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் நான் கேட்காமலே, மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைப்பதை நிறுத்தினார். உருளை கிறீச்சிடுமே என்று, தன் கத்தரி வாடுவதைப் பார்த்துக்கொண்டு நிறுத்தினார். களையெடுக்க வருகிற பெண்கள் தெருவில் வைக்கோல் பரப்பினார்கள், மாடுகளின் மணியை அவிழ்த்தார்கள், சேவல்களைக் கூடை போட்டு அடுத்த ஊருக்குக் கொண்டுபோனார்கள். வேண்டாதவர்கள் என்று யாருமே இல்லை. வேண்டியவர்கள்தான் பிரச்சினை.

டாக்டர் வந்துபோன மூன்றாம் நாள் காலையில் அத்தை வந்து சேர்ந்தார். ஊருக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி நடந்து வந்ததாகப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு அது கூடத் தெரியாது. நான் கதவின் குறுக்கே நின்றேன்.

"வழிய உடு அம்மிணி."

"வேண்டாமுங்க நங்கை. டாக்டர் ஒருத்தரையும் உடக்கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க."

"ஒருத்தரையும்னா? நான் ஒருத்தரா?"

நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ற தம்பியப் பாக்கறதுக்கு உன்ற உத்தரவு வேணுமாக்கும். மூணு வயசுல என்ற இடுப்புல இருந்து எறங்காத பையன் அவன். படிச்ச புள்ளன்னு பெருமையா கட்டிவெச்சனே, படிச்சுப் படிச்சு மனசு இத்தினிக்காணு சுருங்கிப்போச்சா உனக்கு?" விரலைக் குவித்துக் காட்டினார். கத்தவில்லை. எல்லாவற்றையும் மூச்சுக் குரலில்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

"சத்தமில்லாம இருந்தா பொழச்சுக்குவாருங்க நங்கை" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். "நெசமாலுமா?"

"நெசமாலுமுங்க."

அத்தை நேரே கட்டுத்தரைக்குப் போய், மாடு கட்டாத மூலையில் கோணியை விரித்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து வாசலைக் காத்தது நான் அல்ல, அவர்தான். வண்டி வருவது தெரிந்தால் தெருக்கோடிக்கே எழுந்து போய்விடுவார். கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பங்காளி வந்தார். அவருக்கு மெல்லப் பேசத் தெரியாது. அவர் குசுகுசுப்பதே ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும் என்று ஊரில் சொல்வார்கள். அத்தை ஓடிப்போய்த் தன் முந்தானையை அவர் வாயில் வைத்து அமுக்கியதை ஜன்னல் இடுக்கில் பார்த்தேன்.

"வந்துட்டுப் பாக்காம போனா ஊருல என்னய மனுசன்னு சொல்லுவாங்களா அக்கா?"

"சொல்லாட்டிப் போறாங்க. அவன் பொழச்சு எந்திரிச்சு உங்கூட்டுக்கு வந்து சொல்லுவான், நீ மனுசந்தான்னு. இப்ப வாய மூடிக்கிட்டு வண்டியேறு."

"நீ பாத்துட்டியா?"

"இல்ல."

"நீயே பாக்கலியா?" அவர் குரல் தானாகவே அடங்கிவிட்டது. வண்டியேறிப் போய்விட்டார்.

அத்தையே பார்க்கவில்லை என்பதுதான் எல்லாரையும் திருப்பி அனுப்பியது. நான் படித்தவள், வந்தவள். என் பேச்சை யாரும் மதித்திருக்க மாட்டார்கள். கூடப் பிறந்தவள் வெளியே உட்கார்ந்திருக்கும்போது யார் உள்ளே போகக் கேட்பது? அவர் என்னை நம்பி உட்கார்ந்தார். நான் அவருக்குப் பாதி மட்டும் கொடுத்திருந்தேன்.

உள்ளே நான் இருந்த விதத்தைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். ஜன்னலுக்குச் சணல் சாக்கு. பஞ்சை நனைத்துப் பல் இடுக்கில் சர்க்கரைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக. என் வளையல்களைக் கழற்றிவிட்டேன்; கழற்றும்போது அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை, சத்தத்தை மட்டும்தான் நினைத்தேன். நோய் அறிவைத் தொடுவதில்லை. எல்லாம் அவருக்குத் தெரிந்தது. ஒரு இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் கண்ணால் என்னைத் தேடுவார். ஒரு பகல் முழுதும் ஒன்றும் வராமல் இருந்தது. கழுத்துச் சதையில் சிறிது இளக்கம் தெரிகிற மாதிரி எனக்குப் பட்டது. அன்று மாலை, பல்லைத் திறக்காமலே, "அக்கா வரலியா?" என்றார்.

"வந்திருக்காங்க. வெளிய இருக்காங்க."

"வரச்சொல்லு."

சரி என்று எழுந்து வந்தேன். கதவைத் திறந்தபோது அத்தை கோணியிலிருந்து தலையைத் தூக்கினார். சாப்பிடாத முகம். தலை முடியில் வைக்கோல் ஒட்டியிருந்தது. உதடு மட்டும் அசைய, "எப்படி இருக்கான்? என்னயக் கேட்டானா?" என்றார். இதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும்: அவர் கேட்டார். நானாகச் சொல்லாமல் விட்டது மட்டும் அல்ல. கேட்ட பிறகு சொல்லவில்லை. அவர் உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு முன்னால் நடப்பது போலவே தெரிந்தது. அந்த முகத்தையும் வளைந்த முதுகையும் பார்ப்பார், கத்த மாட்டார், ஆனால் தொடாமல் இருக்க அவரால் முடியாது. ஒரு பகல் சேர்த்து வைத்த இளக்கம் போய்விடும். "தூங்கறாருங்க" என்றேன். அத்தை கையெடுத்துக் கும்பிட்டார், எனக்கா, சாமிக்கா, தெரியவில்லை. "தூங்கட்டும், தூங்கட்டும்" என்றார்.

உள்ளே போய் அவரிடம், "குளிச்சுட்டு வர்றாங்களாம்" என்றேன். அவர் கண் கதவைப் பார்த்தபடி இருந்தது. இருட்டுவதற்கு முன் வந்தது அடுத்த இழுப்பு. ஒரு சத்தமும் இல்லை. யாரும் தொடவில்லை. ஒரு கீற்று வெளிச்சம் வரவில்லை. தானாக வந்தது. மற்றவை போலவே பிடித்தது, மற்றவை போல விடவில்லை. நெஞ்சும் மூச்சுக்குழலும் சேர்ந்து பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை உன் புத்தகம் உனக்குச் சொல்லும். நான் அவர் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தை அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தார். விளக்கைக் கொண்டுவந்து முகத்தைப் பார்த்தார். வாயின் இரண்டு ஓரமும் பின்னால் இழுத்து, புருவம் மேலே ஏறி, பல் தெரிய இருந்தது முகம். முதுகு வளைந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருந்தது. அத்தை கீழே உட்கார்ந்து அந்தக் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பாரு அம்மிணி, சிரிக்கறான். தூக்கத்துலயே போயிருக்கான், வலி தெரியாம போயிருக்கான்" என்றார். கூடியிருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். உனக்கும் சொல்லிச் சொல்லி வளர்த்தார், உங்கப்பன் சிரிச்சுக்கிட்டே போனவன் என்று. நீ பள்ளிக்கூடத்தில் அழுதுவிட்டு வரும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் உன்னைத் தேற்றினார். கொஞ்ச நாளில் உன் வகுப்பிலேயே இந்த நோய் வரும். அந்த முகத்தின் படம் இருக்கும். அதற்கு ஒரு பேரும் வைத்திருப்பார்கள். படத்தைப் பார்க்கும்போது நீ தனியாக இருப்பாய் என்பதுதான் இத்தனையும் நான் எழுதுவதற்கு ஒரு காரணம்.

மன்னிப்புக் கேட்டு எழுதுவதாக நினைக்காதே. அன்றைக்குத் தெரிந்ததை வைத்து நான் செய்தது சரி என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், ஒரு மனிதன் கடைசியாகக் கேட்ட ஒன்றை, கேட்டவருக்கும் கேட்கப்பட்டவருக்கும் நடுவில் நின்று நான் எடுத்துக்கொண்டேன் என்று தோன்றும். மறுபடி அந்த வாசலில் நிற்க நேர்ந்தால் அத்தையை உள்ளே விடுவேன் என்று சொல்லத்தான் ஆசை. விட மாட்டேன் என்றே நினைக்கிறேன். ஒரு பகலின் இளக்கத்தைப் பார்த்துவிட்ட எவளும் விட மாட்டாள். ஆனால் நீ அந்த வீட்டுக்குள் வைத்தியனாக நுழையும்போது, வேறு விதமாகச் செய்ய உன்னால் முடியும். கதவைச் சாத்தச் சொல்லும் முன், வீட்டில் இருக்கிறவர்களை எல்லாம் கூட்டி, உனக்குத் தெரிந்த முழுதையும் நீயே சொல். அழுவார்கள், உன்னைத் திட்டுவார்கள், உள்ளே ஓடப் பார்ப்பார்கள். சொல். பாதியை ஒரு பெண்ணின் காதில் போட்டு அவளை வாசலில் நிறுத்திவிட்டு வண்டியேறாதே. அந்த டாக்டர் நல்லவர். அவருக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு ஊர் போக வேண்டியிருந்தது.

அத்தையிடம் நான் இனியாவது சொல்ல வேண்டும். தைப் பொங்கல் நோன்பிக்கு வருவார். சொன்னால் என்ன மிஞ்சும் என்று பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கேட்டான் என்பது மிஞ்சும். தான் வெளியே வீணாக உட்கார்ந்திருந்தோம் என்பதும் மிஞ்சும். முதலாவதைக் கொடுக்க வேண்டுமானால் இரண்டாவதையும் சேர்த்துத்தான் கொடுக்க முடியும். சிரிப்பைப் பற்றிச் சொல்ல மாட்டேன். அது அவருடையது, அவரிடமே இருக்கட்டும். கேட்டதை மட்டும் சொல்வேன்.

இதுவரை எழுதியது புதன்கிழமை. எழுதி முடித்து மடிக்கிற நேரத்தில் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஆள் வந்தது, அத்தைக்குக் காய்ச்சல், நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று. விடிந்ததும், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறினேன். வழியில் இரண்டு இடத்தில் நின்று, மத்தியானத்துக்கு மேல்தான் போய்ச் சேர்ந்தது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் எப்படித் தொடங்குவது என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டு முன்னால் வண்டிகள் இல்லை, சனம் இல்லை. கதவு சாத்தியிருந்தது. அவருடைய மருமகள் வெளியே குறுக்கே நின்றாள்.

"அத்த ஒருத்தரையும் உள்ள உடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. காச்சல் கண்ட அன்னிக்கே சொல்லிட்டாங்க. தம்பிக்கு அப்படித்தான் பாத்தோம், சீக்காளிக்கு அதுதான் நல்லதுன்னாங்க. அவங்க பொறந்த ஊட்டுச் சனத்தக்கூட திருப்பி அனுப்பிட்டனுங்க."

"நான் வந்திருக்கேன்னு சொல்லு சாமி."

உள்ளே போய்விட்டு வந்தாள். "சொன்னனுங்க. கண்ணத் தொறந்து பாத்தாங்க. 'அவளுக்குச் சொல்ல வேண்டியதில்ல, அவளுக்குத் தெரியும், வெளிய இருப்பா'ன்னாங்க."

தள்ளிக்கொண்டு போயிருந்தால் அந்தப் பெண் தடுத்திருக்க மாட்டாள். கட்டுத்தரைப் பக்கம் ஒரு கல் கிடந்தது, அதில் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை ஒருமுறை உள்ளேயிருந்து இருமல் கேட்டது. சனிக்கிழமை காலையில் உன் அத்தை இறந்துபோனார். நான் வெளியே இருந்தேன்.